கத்தி காத்திருந்த நேரம்

ஒரு மில்லி செகண்டின் விலை, போன ஆகஸ்ட் மாத நிலவரப்படி, நாற்பது சிறுமிகளின் பள்ளி உடுப்பில் முன்பக்கம். கருநீலத் துணி, இடது அக்குள் வளைவு. காலத்துக்கு விலையே கிடையாது என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களில் யாரும் எங்கள் தோர்தோய் சந்தையில், கப்பல் கண்டெய்னருக்குள், கடை போட்டதில்லை. எங்கள் வரிசையில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, அப்புறம் கடைசி விலை உண்டு, அதற்கும் கீழே "உனக்காக" என்று ஒரு விலை உண்டு. கண்டெய்னருக்குள் பிறந்து பேரத்தில் வளர்ந்தவன் நான். அந்த மில்லி செகண்டிடம் மட்டும் என்னால் ஒரு பைசா குறைக்க முடியவில்லை.

அதைக் கையோடு கொண்டுவந்து காட்டியவர் சூராகான் எஜே; எஜே என்றால் எங்கள் பேச்சில் அக்கா. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பழைய பனியன் ஆலையின் கீழ்த்தளத்தில் தையல்கூடம் நடத்துகிறார். அவருக்குத் துணி வெட்டும் இயந்திரம் விற்றவன் நான். வந்தவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் என் பெயர் வரிசை முழுக்க நாறியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. உள்ளே வந்தார், கண்டெய்னரின் திரையை இழுத்து மூடினார், அப்புறம்தான் பையைத் திறந்தார். அந்தத் திரைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"முகாஷ், வியாபாரம் எப்படி ஓடுது?"

"உங்க தயவுல நல்லா ஓடுது எஜே."

"என் தயவுல ஓடுறது இருக்கட்டும். நீ வித்தது நடுவுல நின்னு நின்னு ஓடுது. இதப் பாரு."

துணித் துண்டை விரித்தார். வெண்ணெயில் போன மாதிரி வழவழவென்று வந்த வளைவு, ஓரிடத்தில் மட்டும் எலி கடித்தது போல ஒரு பல்.

"ஒரு துண்டுதானே..."

"நாப்பது துணிய ஒரே அடுக்கா விரிச்சு வெட்டுறேன்டா. நாப்பதுலயும் இதே பல். மொத தடவ சின்னப் பிள்ளைங்க அளவுக்குச் சுருக்கி வெட்டி ஒப்பேத்திட்டேன். மறுபடியும் வந்துச்சு. என்ன செய்ய? நரின்ல இருக்குற பிள்ளைங்க அத்தனை பேரையும் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துடவா?"

நரின் மலையில் ஒரு விடுதிப் பள்ளி. எஜே படித்ததும் அங்கேதான். போன வருஷம் வேறு யாரோ உடுப்பு தருவதாக ஒப்புக்கொண்டு கைவிரித்ததில், செப்டம்பர் முதல் தேதி முதல் மணி அடித்தபோது பிள்ளைகள் வீட்டு ஸ்வெட்டரோடு வரிசையில் நின்றார்களாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் என் பொறுப்பு என்று எஜே வாக்கு கொடுத்துவிட்டார். துணி சீனாவிலிருந்து தோருகார்ட் கணவாய் வழியாக வந்தது. திரும்பச் சொல்லி அனுப்பினால் பள்ளி திறந்து இலை உதிரும்போதுதான் வந்து சேரும். கையால் வெட்டினால் துணி பிழைக்கும், தேதி பிழைக்காது. இயந்திரத்தை நம்பினால் தேதி பிழைக்கும், துணி போய்விடும்.

"இன்னும் ரெண்டு அடுக்கு கெட்டா சில பிள்ளைங்க மறுபடியும் ஸ்வெட்டர்ல நிக்கும். அது எந்தப் பிள்ளைங்கன்னு நான் எப்படிப் பொறுக்குறது? சொல்லு."

சகின்பெக்குக்குப் போன் போட்டேன்.

சகின் என் கூட்டாளி. இயந்திரத்தின் உடம்பு என் பொறுப்பு, மூளை அவன் பொறுப்பு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று அவனுக்கு விழா. நொடி என்பது அவனுக்குப் பெரிய நோட்டு மாதிரி; பத்து லட்சம் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால்தான் கையில் வாங்குவான். அந்தச் சில்லறைக்குப் பெயர் மைக்ரோ செகண்ட்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லி செகண்ட்.

அவனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கத்தியை ஓட்டும் மோட்டார் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் ஒருமுறை கதவைத் தட்டி, "அடுத்து எங்கே?" என்று கேட்கும். உள்ளே இருப்பவர் கெர்னல்; கணினிக்குள் யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கிற பெரிய மனுஷர். நடுவில் டிரைவர் என்று ஒரு தரகன். மோட்டாரின் பேச்சும் அவனுக்குத் தெரியும், கெர்னலின் பேச்சும் தெரியும். தட்டியதற்கும் பதில் வந்ததற்கும் நடுவில் இருப்பதுதான் தாமதம். கொஞ்சம் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த தட்டு வரும்வரை பதில் வராவிட்டால், கத்தி போகிற இடம் தெரியாமல் நின்ற இடத்திலேயே அதிரும். துணியில் பல் விழும்.

இதில் சராசரிக்கு மரியாதை கிடையாது. எங்கள் கடையில் ஒரு நாள் நஷ்டம் வந்தால் மறுநாள் லாபத்தில் கரைத்துவிடலாம். கத்தியிடம் அது நடக்காது. ஒரு லட்சம் தடவை சரியாக வந்துவிட்டு ஒரே ஒரு தடவை பிந்தினாலும் அந்த ஒரு தடவைதான் பேச்சு. முகூர்த்தத்துக்குப் பிந்தி வந்த மாப்பிள்ளை மாதிரி.

அன்றே போனோம். வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது எஜேயின் மருமகள் பெகிமாய். தலையில் பூப்போட்ட துணி, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், வாயில் எப்போதும் ஒரு பதில். மாமியார் அவளுக்கு அபா, அதாவது அம்மா; நாங்கள் பைகே, அதாவது அண்ணன். அந்த ஸ்பீக்கரை இயந்திரத்தின் கணினியிலேயே சொருகிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சகின் தன் மடிக்கணினியை இணைத்து, அளக்கும் நிரலை ஓடவிட்டான். அது தானே ஒரு வாடிக்கையாளர் வேஷம் போட்டுக் கதவைத் தட்டும், பதில் எப்போது வருகிறது என்று பார்க்கும், ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டியில் போடும். திரையில் குட்டைக் குட்டையாகக் கட்டங்கள் எழும்பின. எல்லாம் இடது ஓரத்தில், ஒட்டி உட்கார்ந்த ஆட்டுக்குட்டிகள் மாதிரி. வலது பக்கம் வெறும் புல்வெளி.

"எவ்வளவு?" என்றேன்.

"முப்பத்தி நாலு."

ஆயிரம் மைக்ரோ செகண்ட் தவணை இருக்கிற இடத்தில் மிக மோசமான பதில் முப்பத்து நாலில் வந்துவிட்டது. சகின் வேண்டுமென்றே கணினியின் தலையில் வேலைகளைக் கொட்டினான். கோப்புகளைப் பிரதி எடுக்க வைத்தான், பெருக்கல் கணக்குப் போட வைத்தான். கட்டங்கள் கொஞ்சம் தடித்தன, அவ்வளவுதான். பெகிமாய் கழிவுத் துணியில் ஓர் அடுக்கு வெட்டினாள். பல் இல்லை.

"இயந்திரம் நல்லாத்தான் இருக்கு" என்றான் சகின். அப்புறம் அவன் கண் ஸ்பீக்கரில் விழுந்தது. "பாட்டு வேண்டாம். இதுல வெட்டுற வேலையத் தவிர எதுவும் ஓடக் கூடாது."

"பைகே, பாட்டு ஓடுனப்ப ஒழுங்காத்தான் வெட்டுச்சு" என்றாள் பெகிமாய். "அபா தலைவலின்னு நிறுத்தச் சொன்ன அன்னிக்குத்தான் கடிச்சுச்சு. அதுக்குப் புடிச்ச பாடகர் ஒருத்தர் இருக்காரு. சோகப் பாட்டு மட்டும் ஆகாது."

"உனக்குப் புடிச்ச பாடகர்னு சொல்லு" என்றார் எஜே.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை அபா."

சகின் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கினான். கூடவே உட்கார்ந்து, அந்தக் கணினியில் சும்மா ஓடிக்கொண்டிருந்த இன்னும் பல நிரல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடையைப் பெருக்கித் துடைத்து வாசலில் தண்ணீர் தெளித்த திருப்தியோடு எழுந்தான். நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் எஜேயின் குரல் போனில் தாழ்ந்து வந்தது. அவர் குரலை உயர்த்தினால் எனக்கு மூச்சு வரும். தாழ்த்தினால் போனை வைக்குமுன்பே சட்டையைத் தேடுவேன்.

"ஒரு அடுக்குல மூணு பல் முகாஷ். சீப்பு வேணும்னா சொல்லு, கட்டிங் மெஷின்லயே செஞ்சு தர்றேன்."

ஓடினோம். சகின் மறுபடியும் நிரலை ஓடவிட்டான். ஆட்டுக்குட்டிகள் எல்லாம் இடது ஓரத்தில். பெகிமாய் வெட்டினாள். சுத்தம். மதியம்வரை வெட்டினாள். சுத்தம். தைக்கிற பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு சகினைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கைராசிக்காரரு" என்றாள் ஒருத்தி.

"கையே வைக்கலியே. சும்மா உக்காந்துதான இருக்காரு."

"அப்ப உக்காந்த ராசி."

சாயங்காலம் சகின் மடிக்கணினியை மடக்கியபோது பெகிமாய் கதவை மறித்தாள். "பைகே, நீங்க போனா அது மறுபடி சேட்டை பண்ணும். தொப்பியையாவது விட்டுட்டுப் போங்க."

"தொப்பியா?"

"அதுக்கு நீங்க இங்கயே இருக்கிற மாதிரி இருக்கும்ல?"

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சகினின் வெயில் தொப்பி இயந்திரத்தின் தலையில் உட்கார்ந்துவிட்டது. சகின் வெறுந்தலையோடு பஸ் ஏறினான். இருட்டியதும் போன் வந்தது, மறுபடியும் பல். தொப்பிக்கு அந்த அந்தஸ்து இல்லையாம்.

இரண்டு அடுக்கு கெட்டால் சில பிள்ளைகள் ஸ்வெட்டரில் நிற்கும் என்று எஜே சொல்லியிருந்தார் அல்லவா? அதில் ஓர் அடுக்கு சீப்பாகப் போயிற்று. தொப்பி போட்ட இரவில் பல் கடைசி வளைவில் விழுந்ததால், பெகிமாய் சட்டைப் பையின் மூடிக்கும் காலருக்கும் அதைத் திருப்பி எப்படியோ காப்பாற்றினாள். இனிமேல் தவறுவதற்குத் துணி இல்லை. விரிக்க மிச்சமிருந்தது முழுக்கப் பெரிய பெண்களின் அளவுகள்.

மூன்றாம் நாள் எஜே தெளிவாகச் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலையில நான் கத்திரிக்கோல எடுத்துடுவேன். தச்சுக்கிட்டு இருக்கிற பொண்ணுங்களையும் வெட்ட உக்கார வைப்பேன். முடிஞ்ச வரைக்கும் லாரியில ஏறட்டும். மிச்சப் பிள்ளைங்ககிட்ட நானே போயி நின்னு மன்னிப்பு கேக்குறேன். உன் மெஷின நீ எடுத்துக்க. சண்ட இல்ல. இப்ப வந்து டீ குடி."

பொருளைத் திருப்பிக் கொடுக்கிறபோது டீ கொடுக்கிற வாடிக்கையாளரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூலையில் இருந்த மேசையில் வட்ட ரொட்டி, எண்ணெயில் பொரித்த போர்சோக், பாதாமிப் பழ ஜாம். பெகிமாய் மருமகள் என்பதால் டீ ஊற்றும் இடம் அவளுடையது. எங்கள் பக்க வழக்கப்படி கோப்பையில் பாதிக்கும் கீழேயே ஊற்றுவாள். குடித்ததும் நீட்ட வேண்டும், மறுபடி கொஞ்சம்.

சகின் இரண்டு மடக்கில் காலி செய்துவிட்டு நீட்டினான். மறுபடி நீட்டினான். மூன்றாவது முறை நீட்டும்போது அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"நிறைய ஊத்திடும்மா. உனக்கும் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு."

விருந்து மரியாதை எதுவும் சகின் தலையில் ஏறியதே இல்லை. கோப்பையை நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அதைத் தானே கேட்டு வாங்கிய விருந்தாளியை பிஷ்கெக் இப்போதுதான் பார்க்கிறது. எஜே வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"உங்க இஷ்டம் பைகே" என்று பெகிமாய் விளிம்புவரை ஊற்றினாள். "அப்ப நான் கொஞ்சம் காலை நீட்டுறேன்." திரைக்குப் பின்னால் போனாள். செருப்பு கழன்று விழும் சத்தம் ஒன்று, இரண்டு.

சகின் அதைக் குடித்து முடித்தான். யோசனையில் இருந்தவன் பழக்கத்தில் கோப்பையை நீட்டினான். வாங்க ஆளில்லை. மேசையில் தட்டினான்.

"வர்றேன், வர்றேன்!" திரைக்குப் பின்னால் ஒரு கொட்டாவி, ஒரு செருப்பைத் தேடும் சத்தம், மற்றொன்றைத் தேடும் சத்தம், தலைத்துணியைக் கட்டும் நேரம். கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா?" என்றார் எஜே. "பாதி ஊத்துறத கஞ்சத்தனம்னு நெனச்சியா தம்பி? கோப்பை சீக்கிரம் காலியாகுற வரைக்கும் ஊத்துறவ எழுந்து போக மாட்டா. நெறச்சிட்டா அவ தூங்கப் போயிடுவா. அப்புறம் எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நாக்கு வறண்டுடும்."

சகின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பெகிமாயைப் பார்த்தான், அவள் காலில் மாற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்தான். அப்புறம் கோப்பையைத் தட்டில் வைக்காமல் ரொட்டியின் மேல் வைத்தான்.

"முகாஷ். அது தூங்குது."

"எது?"

"சிப். வேலை இல்லன்னா சிப்பைத் தூங்க விடுறது கெர்னலோட வழக்கம். கொஞ்ச நேரம்தான் ஓய்வுன்னா லேசா கண்ண மூடும். ரொம்ப நேரத்துக்கு யாரும் வரமாட்டாங்கன்னு கணிச்சா போர்வைய இழுத்துப் போத்திக்கும். அந்தத் தூக்கத்துலருந்து எழுந்து வர நேரமாகும். அந்த நேரத்துல கத்தி தட்டிடுச்சுன்னா..."

"அப்ப நீ அளந்தப்ப ஏன் தூங்கல?"

அவன் முகம் கொதிக்கிற கெட்டிலைத் திறந்தது போல ஆவி அடித்துச் சிவந்தது. "நம்ம அளக்குற நிரல் ஆரம்பிச்ச உடனே கெர்னல்கிட்ட ஒரு வேண்டுகோள் வைக்கும். நான் இருக்குற வரைக்கும் சிப்பைத் தூங்க விடாதேன்னு. நிறுத்தினா வேண்டுகோளும் போயிடும். அது அதோட வழக்கம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தோணல."

அதாவது, விருந்தாளி உட்கார்ந்திருக்கும்வரை வீடு விழித்திருக்கிறது. விருந்தாளி எழுந்து போய், "இந்த வீட்டில் யாருமே தூங்குவதில்லை" என்று ஊரெல்லாம் சான்று கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாட்டு?" என்று கேட்டாள் பெகிமாய், செருப்பைச் சரியாக மாற்றிக்கொண்டே.

"பாட்டு ஓடினா சிப்புக்குக் குட்டிக் குட்டியா வேலை வந்துக்கிட்டே இருக்கும். ஆழமாத் தூங்காது."

"அப்ப பாடகர்?"

"எந்தப் பாடகரா இருந்தாலும் சரி."

"அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

சகின் பாட்டை நிறுத்தினான், சும்மா ஓடிய நிரல்களையெல்லாம் நிறுத்தினான். வீட்டை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அமைதியாக வைத்துக் கொடுத்ததே அவன்தான். அந்த அமைதியில் அது குறட்டை விட்டிருக்கிறது. எந்தத் தூக்கத்திலிருந்தும் சட்டென்று எழுகிற விலை உயர்ந்த கணினிப் பலகைகளும் உண்டு. சீனாவின் குவாங்சோவில் மூன்று நாள் உட்கார்ந்து பேரம் பேசி இந்தப் பலகையை வாங்கியவன் யார் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அளக்கும் நிரலில் அந்த வேண்டுகோளை மட்டும் நிறுத்திவிட்டு சகின் மறுபடி ஓடவிட்டான். பாட்டு இல்லை, வேறு வேலை இல்லை. எல்லோரும் திரையைச் சுற்றி நின்றோம். முதலில் பழைய ஆட்டுக்குட்டிகள். கொஞ்ச நேரத்தில், வலது பக்கத்துப் புல்வெளியின் கடைசியில், தனியாக ஒரு சின்னக் கட்டம் முளைத்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.

"இருக்கு!" என்று சகின் கத்தினான். கெட்ட எண்ணைக் கண்டு இப்படிக் குதித்த மனிதனை நான் சந்தையில் பார்த்ததே இல்லை. பெகிமாயின் கையைப் பிடித்துக் குலுக்கினான். எஜேயின் கையைக் குலுக்கினான். என் கையையும் பிடித்தான். நாங்கள் இருவரும் ஒன்பது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள்.

"அப்ப தூங்கவே விடாத மாதிரி பண்ணிடு. முடிஞ்சது" என்றேன்.

"பெட்டியில காத்தாடி கிடையாது. துணிப் பஞ்சு போயி அடைச்சுக்கும்னு நாமதான் மூடி வச்சோம். ஆகஸ்ட் வெயில்ல ராவும் பகலும் முழிச்சிருந்தா சூடாகிச் செத்துடும்."

"அப்ப?"

அவன் பேரம் பேசினான். எனக்குச் சமமாக, ஆனால் கெர்னலோடு. டிரைவரை, அந்தத் தரகனைத் திறந்து, அதற்குள் சில வரிகள் எழுதினான். கத்தி கீழே இறங்கும்போது தரகன் போய், "இப்போது வேலை நடக்கிறது, ஆழமாகத் தூங்க விடாதே" என்று கெர்னலிடம் கேட்டுக்கொள்வான். கத்தி மேலே ஏறியதும் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்வான்: "இனி எப்படி வேண்டுமானாலும் தூங்கிக்கொள்." வெட்டும்போது பாதிக் கோப்பை, வெட்டி முடித்தால் முழுக் கோப்பை.

சாயங்காலத்துக்குள் புது டிரைவர் ஓடியது. வேண்டுகோள் வைக்காத அளவுகோலை வைத்துத்தான் இந்த முறை அளந்தான். பழைய செய்தித்தாள்களை அடுக்கி வெட்டினார்கள். புல்வெளி காலி. வெட்டும் சுத்தம்.

"காகிதத்த உடுத்திக்கிட்டு யாரும் பள்ளிக்கூடம் போறதில்ல" என்றார் எஜே. துணி மூட்டையைப் பார்த்தார். காலையில் கத்திரிக்கோல் எடுப்பதாகச் சொன்ன கை, மூட்டையின் கயிற்றில் இருந்தது. இது கெட்டால் கத்திரிக்கோலுக்கும் வேலை இருக்காது. நான் விற்கிறவன், வாங்கச் சொல்ல ஆயிரம் வாக்கியம் தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. வராததற்காக இப்போது சந்தோஷப்படுகிறேன்.

எஜே கயிற்றை அவிழ்த்தார். "விரி" என்றார் பெகிமாயிடம். பிறகு சகின் பக்கம் திரும்பினார். "நீ வெளிய போ."

"நானா?"

"நீ, உன் கம்ப்யூட்டர், உன் தொப்பி. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வெளிய போ. நீ இருக்கும்போது அது நல்ல பிள்ளைன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும். முகாஷ், நீயும் கூடப் போ. பெகிமாய், ஸ்பீக்கர அணை."

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. ஆலைச் சுவரோரம் சகின் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி. நான் சூரியகாந்தி விதை வாங்கிவந்து கொடுத்தேன். உரிக்காமலே மென்றான். கீழ்த்தளத்து ஜன்னல் வழியே கத்தி ஓடும் சத்தம் கேட்டது. சீராக, ஒரே இழுப்பாக. எங்காவது ஒரு தயக்கம் வருமா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மனிதக் காதால் மில்லி செகண்டைக் கேட்க முடியாது என்று சகின் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவன்தான் ஜன்னலுக்கு அதிகம் குனிந்திருந்தான்.

சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஜன்னலில் பெகிமாயின் தலை.

"பைகே! உள்ள வாங்க. அபா அழுவுறாங்க."

நான் சகினைத் தள்ளிக்கொண்டு ஜன்னலில் குனிந்தேன். "கெட்டுடுச்சா?"

"ஐயோ, அதுக்கு இல்ல. நல்லா வந்துடுச்சு, அதான் அழுவுறாங்க. கெட்டிருந்தா திட்டுவாங்களே, அழ நேரம் ஏது?"

உள்ளே எஜே நாற்பது முன்பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடது அக்குள் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் கணக்க நீ வச்சுக்க தம்பி. என் கணக்கு இந்த விரல்தான். எங்கயும் தட்டல."

அதற்கப்புறம் ஊசிகள் நிற்கவில்லை. பெண்கள் மாறி மாறித் தைத்தார்கள். இயந்திரம் வெட்டியது, ஓய்ந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்கியது, பெட்டி சூடாகவில்லை. லாரி சொன்ன நாளில் கிளம்பியது. நரினிலிருந்து செப்டம்பர் முதல் தேதி ஒரு படம் வந்தது: முதல் மணி அடிக்கிறது, வரிசை முழுக்கக் கருநீலம். ஒரு குட்டிப் பெண்ணின் காலர் மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அகலம். அது தொப்பி போட்ட இரவில் காப்பாற்றிய துணி என்று பெகிமாய் அடித்துச் சொல்கிறாள்.

லாரி போன அன்று எஜே எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். அன்றைக்கு ஊற்றியது அவரே. வெகுநேரம் பாதிப் பாதியாக ஊற்றினார். கடைசியில் சகினின் கோப்பையை மட்டும் விளிம்புவரை நிரப்பினார்.

"போறதுக்குச் சொல்றீங்களா எஜே?" என்றான் அவன், இப்போது அவனுக்கும் அர்த்தம் தெரியும்.

"ஆமா. நீ தூங்கி எத்தன நாளாச்சு? போயித் தூங்கு. கத்தி இன்னிக்குத் தட்டாது."

இயந்திரத்தின் தலையில் இப்போது தொப்பி இல்லை. ஸ்பீக்கர் இருக்கிறது, சகினே திரும்ப மாட்டிக் கொடுத்தான். தேவையில்லைதான், ஆனாலும் நன்றிக்கு என்றான். சோகப் பாட்டு மட்டும் போடக் கூடாது என்று பெகிமாய் சொன்னாள். அதையும் அவன் மறுக்கவில்லை.

கடையை மூடுமுன் கணக்கு முடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த உடுப்புகளை வெட்டி முடித்த ஓட்டம் முழுவதற்கும் சகின் எடுத்துக் கொடுத்த கணக்கை அப்படியே இறக்குகிறேன்.

ஒவ்வொரு தட்டுக்கும் கொடுத்த தவணை: ஆயிரம் மைக்ரோ செகண்ட்.
மிக மோசமாகப் பிந்திய பதில்: நாற்பத்தொன்று.
தவணை தாண்டியவை: இல்லை.
கத்திக்கும் கெர்னலுக்கும் இடையே பாக்கி: இல்லை.
சூராகான் எஜே இழுத்து மூடிய திரை ஒன்று, திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில் ஊற்றிய டீ, ஒரு முழுக் கோப்பை: எங்கள் பக்கம் பற்று. இன்னும் தீரவில்லை.